எட்டு சென்டிமீட்டர் கட்டி: எடுப்பது கட்டியை மட்டுமா, சிறுநீரகத்தையும் சேர்த்தா?

சிறுநீரகக் கட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, கட்டி சிறியதாக இருந்தால் அதை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பெரிய கட்டி என்றால் என்ன செய்வது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் ஏழு கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் 8.2 செ.மீ. கட்டி தெரிந்தது. கிரியேட்டினின் 1.4. ஒரு மருத்துவர், இவ்வளவு பெரிய கட்டி என்பதால் சிறுநீரகத்தை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்கிறார். இன்னொருவர், கட்டியை மட்டும் எடுக்க முயலலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

– வாசகி, கும்பகோணம்

பதில்: இருவரும் தத்தம் பக்கத்தில் நியாயத்தோடுதான் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன் படத்தைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எதை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்றுக்கட்டிகளை அளவை வைத்து வகை பிரிக்கிறோம். 4 செ.மீ. வரை ஒரு வகை, 4 முதல் 7 வரை அடுத்தது, 7-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை. முதல் வகைக்குக் கட்டியை மட்டும் எடுப்பதே இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. 7 செ.மீ. வரை உள்ளவற்றுக்கும், முடிந்த இடத்தில் எல்லாம் அதையே செய்கிறோம். 7-ஐத் தாண்டிய பிறகுதான் கருத்து வேற்றுமை தொடங்குகிறது. உங்கள் அப்பா நிற்பது அந்த இடத்தில். முதல் மருத்துவர் சொன்னது பழைய மரபு மட்டுமல்ல, இன்றும் பெரும்பாலான மருத்துவமனைகளில் இந்த அளவுக்கு நடப்பது அதுதான்.

ஆனால் அளவு என்பது பாதிக் கதை. பலா மரத்தின் அடியில், தண்டோடு காம்பு மட்டும் ஒட்டித் தொங்கும் காயை நினைத்துக்கொள்ளுங்கள். காய் எவ்வளவு பெரிதானாலும் காம்பை வெட்டினால் மரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. மாங்கொட்டைக்குள் இருக்கும் வண்டு மிகச் சிறியது. அதை எடுக்க வேண்டுமானால் பழத்தையே பிளக்க வேண்டும். சிறுநீரகத்தின் கீழ் முனையிலிருந்து வெளியே துருத்தி வளர்ந்த 9 செ.மீ. கட்டியைச் சுலபமாக எடுத்துவிட்டு, நடுவே இரத்தக் குழாய்கள் நுழையும் இடத்தை ஒட்டிய 3 செ.மீ. கட்டியில் திணறிய நாட்கள் எனக்கு உண்டு. இதைக் கணக்காக்கிச் சொல்ல, பிலடெல்பியாவைச் சேர்ந்த மருத்துவர்கள் 2009-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். கட்டியின் அளவு, அது எவ்வளவு வெளியே துருத்தியிருக்கிறது, சிறுநீர் சேரும் குழிவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, முன்புறமா பின்புறமா, முனையிலா நடுவிலா என்ற ஐந்தையும் பார்த்து, 4 முதல் 12 வரை மதிப்பெண் போடுவார்கள். முன்புறமா பின்புறமா என்பதற்கு மட்டும் எண் கிடையாது, எழுத்துதான். 10-ஐ எட்டினாலே கடினமான கட்டி. 7 செ.மீ. தாண்டிய கட்டிக்கு அளவுக்காகவே 3 மதிப்பெண் விழுந்துவிடும் என்றாலும், மற்றவை சாதகமாக இருந்தால் மொத்தம் 7-க்குள் நிற்கவும் வாய்ப்பு உண்டு. அப்பாவின் கட்டிக்கு எத்தனை மதிப்பெண் என்று இரு மருத்துவர்களிடமும் கேளுங்கள்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய 1.4 என்ற எண். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, இரத்தத்தில் அது எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதே இந்த எண். என்னை நிறுத்திப் படிக்க வைத்தது அதுதான். ஆய்வகத் தாளில் அது எல்லைக்குச் சற்று மேலே, பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோலத் தெரியும். ஆனால் 58 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.4 என்றால், இரு சிறுநீரகங்களும் சேர்ந்து இரத்தத்தை வடிகட்டும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 58 மில்லி லிட்டர் என்று கணக்கு வருகிறது. இது 60-க்குக் கீழே. மூன்று மாதங்களுக்கு மேல் இப்படியே நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்றே பெயர். ஒரு சிறுநீரகத்தை முழுவதும் எடுத்த பிறகு, மற்றது ஓரளவு ஈடுகட்டினாலும், இவரைப் போன்றவருக்கு அந்த எண் 40-ஐ ஒட்டி வந்து நிற்கலாம். அதற்கு மேல் சர்க்கரை நோய் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும்.

அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டு நெறி, முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பதை விரும்பத்தக்கது என்று சொல்ல மூன்று நிபந்தனைகளை வைக்கிறது: கட்டி சிக்கலானதாக, அனுபவமுள்ள கைகளுக்கும் சவாலாக இருக்க வேண்டும், ஏற்கெனவே சிறுநீரக நோயோ சிறுநீரில் புரதக் கசிவோ இருக்கக் கூடாது, மறு சிறுநீரகம் நலமாக இருந்து, அறுவைக்குப் பின் வடிகட்டும் வேகம் 45-க்கு மேல் நிற்கும் என்ற எதிர்பார்ப்பு இருக்க வேண்டும். உங்கள் அப்பா இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தேறுவது ஐயம். ஆகவே கட்டியின் இடம் இடம்கொடுக்குமானால், இரண்டாவது மருத்துவரின் யோசனைக்கு வலு அதிகம் என்பது என் கருத்து. சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்ற சோதனை நடந்ததா என்று தெரியவில்லை. அதை உடனே செய்யுங்கள். அணு மருத்துவ ஸ்கேன் ஒன்றில் இடது, வலது சிறுநீரகங்கள் தனித்தனியே எத்தனை விழுக்காடு வேலை செய்கின்றன என்றும் பார்க்கலாம். கட்டி உள்ள சிறுநீரகம் பத்து விழுக்காடுகூட உழைக்கவில்லை என்றால், காப்பாற்ற அங்கே ஒன்றுமில்லை. அதேபோல், கட்டி சிறுநீரகச் சிரைக்குள் இறங்கியிருந்தாலோ அருகில் உள்ள நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருந்தாலோ நான் எழுதிய எல்லாமே மாறிவிடும். அப்போது முதல் மருத்துவர் சொன்னதுதான் சரி.

கேள்வி: சிறுநீரக தானம் செய்தவர்கள் ஒரு சிறுநீரகத்தோடு நன்றாகவே வாழ்கிறார்களே? பிறகு ஏன் இவ்வளவு சிரமப்பட்டு இன்னொன்றைக் காப்பாற்ற வேண்டும்?

– வாசகர், நாகர்கோவில்

பதில்: நியாயமான கேள்வி, மருத்துவர்களே நெடுநாள் இப்படித்தான் நினைத்தார்கள். மனிதர் ஒரு சிறுநீரகத்தோடு வாழ முடியுமா என்ற ஐயத்தால், ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரின் குஸ்டாவ் சைமன் முதலில் நாய்களுக்கு ஒரு சிறுநீரகத்தை எடுத்துப் பார்த்துவிட்டே, 1869-இல் ஒரு பெண்ணுக்கு அந்த அறுவையைச் செய்தார். அந்தப் பெண் பிழைத்தார். அதற்குப் பிறகு வந்த நூறாண்டில், ஒன்று போதும் என்பது பாடமாகவே ஆகிவிட்டது.

ஆனால் தானம் செய்பவர் சோதனை மேல் சோதனை செய்து பொறுக்கியெடுக்கப்பட்டவர். கட்டி வருபவர் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதினர். புகை, உடல் பருமன், இரத்த அழுத்தம் ஆகியவை கட்டிக்கும் காரணம், சிறுநீரகம் நலிவதற்கும் காரணம். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 662 நோயாளிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கட்டுரை எங்கள் துறையையே உலுக்கியது. கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, இரு சிறுநீரகமும் நலம் என்று கருதப்பட்ட அவர்களில் 26 விழுக்காட்டினருக்கு அறுவைக்கு முன்பே வடிகட்டும் வேகம் 60-க்குக் கீழே இருந்தது. மூன்று ஆண்டுகளில் புதிதாக அந்த எல்லைக்குக் கீழே இறங்காமல் தப்பும் வாய்ப்பு, கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கு 80 விழுக்காடு. முழுச் சிறுநீரகத்தையும் இழந்தவர்களுக்கு 35.

இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னதாக ஆகும். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, இவ்விரு அறுவைகளையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு, ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 541 பேரிடம் நடத்தியது. அதில் பத்து ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்கள், முழுச் சிறுநீரகத்தை எடுத்தவர்களில் 81.1 விழுக்காடு; கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 75.7. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர் மாறு! வடிகட்டும் வேகம் 60-க்குக் கீழே போனவர்கள் முழு அறுவைப் பிரிவில் கிட்டத்தட்ட 86 விழுக்காடும் மற்றதில் 65-உம் என்றாலும், டயாலிசிஸ் தேவைப்படும் எல்லையான 15-க்குக் கீழே போனவர்கள் இரு பக்கமும் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டியே இருந்தார்கள். ஆய்வு திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே நிறுத்தப்பட்டது, கட்டிகள் 5 செ.மீ.க்கு உட்பட்டவை என்பன போன்ற குறைகள் அதற்கு உண்டு. ஆனாலும் அதை மறைத்துவிட்டு, சிறுநீரகத்தைக் காப்பாற்றினால் ஆயுள் கூடும் என்று நோயாளியிடம் சொல்வது சரியில்லை. மறு சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவருக்கு, மிகச் சிக்கலான 10 செ.மீ. கட்டிக்காக நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர், ஏற்கெனவே சிறுநீரகம் நலிந்தவர், இரு பக்கமும் கட்டி உள்ளவர், இன்னும் நாற்பது ஆண்டு வாழ வேண்டிய இளையவர் ஆகியோருக்குத்தான் பிடிவாதம் பொருந்தும்.

கேள்வி: கட்டியை மட்டும் வெட்டினால் கத்தி பட்டுப் புற்று பரவாதா? மிச்சம் வைத்துவிட்டால்?

– வாசகி, ஈரோடு

பதில்: "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பயத்தால் சிகிச்சையே வேண்டாம் என்று ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன், நாட்டு மருந்தில் கரையுமா என்று கேட்டும் மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. கரையாது.

பரவும் என்ற அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1969-இல் டொரான்டோவின் சார்லஸ் ராப்சன், சிறுநீரகத்தோடு அதைச் சுற்றிய கொழுப்பு, மேலே உள்ள அட்ரீனல் சுரப்பி, நிணநீர் முடிச்சுகள் அனைத்தையும் ஒரே பொதியாக எடுக்கும் அறுவையின் பலன்களை வெளியிட்டார். அதுவே பல்லாண்டுக் காலம் சட்டமாக நின்றது. ஆனால் சிறுநீரகப் புற்று வளரும்போது, சுற்றியுள்ள நல்ல திசுவை நெருக்கித் தள்ளி, பொய்யுறை எனப்படும் ஓர் உறையைப் பெரும்பாலும் உருவாக்கிக்கொள்கிறது. அந்த உறை கிழியாமல், சில மில்லி மீட்டர் நல்ல திசுவோடு எடுத்தால் போதும் என்பது பின்னால் தெரியவந்தது. உறை கிழிந்து கட்டி சிதறினால் ஆபத்துதான். கட்டி பெரிதாக ஆக, கைக்கு அடங்காமல் அந்த வாய்ப்பும் கூடுகிறது. வெளியே எடுத்த கட்டியைத் திருப்பி, வெட்டுப்பரப்பு முழுவதும் வழவழப்பாக இருக்கிறதா என்று மேசையிலேயே கண்ணால் பார்க்காமல் நான் வயிற்றை மூடுவதில்லை.

இன்னொன்று. ஸ்கேனில் உறைக்குள் அடங்கியதாகத் தெரிந்த பெரிய கட்டிகளில் ஒரு பங்கு, ஆய்வக அறிக்கை வரும்போது சுற்றுக் கொழுப்பிலோ சிரையின் சிறு கிளையிலோ நுழைந்திருப்பதாகத் தெரியவரும். எந்த அறுவை செய்தாலும் இது நேரும். ஆகவே பெரிய கட்டிக்குப் பின் நெஞ்சு, வயிறு இரண்டுக்கும் குறைந்தது ஐந்தாண்டுக்கு ஸ்கேன் தொடர வேண்டும்.

கேள்வி: அறுவை எப்படி நடக்கும்? ரோபோ இருக்கும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டுமா?

– வாசகர், சேலம்

பதில்: இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இரு சிறுநீரகங்களுக்கும் போகிறது. அந்த ஓட்டத்தோடு கட்டியை வெட்டினால் கத்தியின் முனையே கண்ணுக்குத் தெரியாது. எனவே முதலில் சிறுநீரகத் தமனியைத் தேடிப் பிடித்து, சிறு கவ்வியால் அடைக்கிறோம். அந்தக் கணத்தில் மயக்க மருத்துவர் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். இளஞ்சிவப்பாகப் பளபளத்த சிறுநீரகம் வெளிறி, தொட்டால் தொய்ந்து போகிறது. அங்கிருந்து செவிலியர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உரக்கச் சொல்வார்: ஐந்து, பத்து, பதினைந்து. அதற்குள் கட்டியை எடுத்து, வாய்திறந்த இரத்தக் குழாய்களைத் தைத்து, சிறுநீர்க் குழிவு திறந்திருந்தால் அதையும் மூடி, விளிம்புகளைச் சேர்த்துத் தைத்துக் கவ்வியை விட வேண்டும். இருபத்தைந்து நிமிடம் வரை சிறுநீரகம் பொறுக்கும் என்பது பொதுக் கணக்கு. கவ்வியை எடுத்ததும் நிறம் திரும்புவதைப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தில் அறையில் யாரும் பேசுவதில்லை.

பெரிய கட்டிக்கு இருபத்தைந்து நிமிடம் போதாது என்று முன்கூட்டியே தெரிந்தால், வயிற்றைத் திறந்து, சிறுநீரகத்தைச் சுற்றிக் கூழ்போல் உடைத்த கிருமியற்ற பனிக்கட்டியை நிரப்புகிறோம். பத்து நிமிடம் அப்படியே வைத்தால் உள்வெப்பம் இருபது டிகிரிக்கு அருகில் இறங்கும். பிறகு ஒரு மணி நேரம்வரைகூட அவசரமில்லாமல் வேலை செய்யலாம். மீன் கடையில் ஐஸ் போடுவதுபோலத்தான் என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

ரோபோ ஒரு நல்ல கருவி. சிறிய இடத்தில் வேகமாகத் தைக்க உதவுகிறது, தழும்பும் வலியும் குறைவு. ஆனால் 9 செ.மீ. கட்டிக்கு எந்த மருத்துவமனை என்று தேடும்போது, அங்கே ரோபோ இருக்கிறதா என்பதைவிட, அந்த மருத்துவர் இத்தகைய கட்டிகளை இதுவரை எத்தனை எடுத்திருக்கிறார், இரவில் இரத்தக் கசிவு வந்தால் தமனிக்குள் குழாய் செலுத்தி அடைக்கும் கதிரியக்கப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறதா என்ற இரண்டையும் கேளுங்கள். வயிற்றைத் திறந்து செய்வோம் என்று ஒருவர் சொன்னால், அவர் பழைய காலத்து ஆள் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 29. வலது சிறுநீரகத்தில் 9 செ.மீ. கொழுப்புக் கட்டி, புற்று இல்லை என்கிறார்கள். அடுத்த ஆண்டு குழந்தை பெற எண்ணியிருக்கிறோம். அப்படியே விட்டுவிடலாமா?

– வாசகர், பெங்களூரு

பதில்: விட்டுவிட வேண்டாம். நீங்கள் சொல்வது ஆஞ்சியோமயோலிப்போமா எனப்படும் கட்டியாக இருக்கும். கொழுப்பு, தசை, இரத்தக் குழாய்கள் மூன்றும் கலந்தது. கொழுப்பு சி.டி.யில் தெளிவாகத் தெரிவதால் ஊசி போட்டுச் சதை எடுக்காமலேயே கண்டுகொள்ளலாம். இதில் பயம் புற்றுக்காக அல்ல, இரத்தக் கசிவுக்காக. உள்ளே உள்ள குழாய்களின் சுவர் பலவீனமானது. பலூன்போல் புடைத்து ஒரு நாள் வெடிக்கலாம், கருவுற்ற காலத்தில் அந்த வாய்ப்பு கூடுகிறது. கருத்தரிக்கும் முன்பே தமனிவழி அடைப்போ, கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையோ செய்துகொள்வது நல்லது. புற்று அல்லாத ஒன்றுக்காக முழுச் சிறுநீரகத்தையும் கொடுக்கச் சம்மதிக்கும் முன் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். முகத்தில் சிறு பருக்கள்போல் தடிப்புகள், சிறு வயதில் வலிப்பு, இரு பக்கமும் கட்டிகள் என்று ஏதேனும் இருந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபு நோயா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கட்டியைச் சுருக்கும் எவரோலிமஸ் மாத்திரை இருக்கிறது.

கேள்வி: என் அண்ணனுக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான். அதில் இப்போது பெரிய கட்டி. மாத்திரையால் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவை செய்யலாமா?

– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இவரைப் போன்றவர்களுக்காகத்தான் அந்த வழி ஆராயப்படுகிறது. அமெரிக்காவில் 2015-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில் 25 பேருக்குப் பசோபனிப் மாத்திரை இரண்டு முதல் நான்கு மாதம் கொடுத்தார்கள். கட்டியை மட்டும் எடுக்கவே முடியாது என்று தொடக்கத்தில் கருதப்பட்ட 13 பேரில் 6 பேருக்குப் பிறகு எடுக்க முடிந்தது. ஆக்சிடினிப் மாத்திரையை 24 பேருக்கு மூன்று மாதம்வரை கொடுத்த இன்னோர் ஆய்வில் கட்டியின் குறுக்களவு சுமார் 28 விழுக்காடு சுருங்கியது. 8 செ.மீ. கட்டி 6-க்குச் சற்றுக் கீழே வந்தால் அது பெரிய காரியம். இரத்தக் குழாயை ஒட்டியிருந்த ஓரம் ஒரு செ.மீ. விலகினாலே போதும். மாத்திரை தொடங்கும் முன் ஊசிவழிச் சதைப் பரிசோதனை கட்டாயம், ஏனென்றால் இவை எல்லா வகைப் புற்றுக்கும் ஒரேபோல் பலிப்பதில்லை. இரத்த அழுத்தம் ஏறும். புண் ஆறுவது தாமதமாகும் என்பதால் அறுவைக்கு முன் மாத்திரையை நிறுத்த வேண்டும். இருக்கும் ஒன்றை முழுவதும் எடுத்தால் மறுநாளே டயாலிசிஸ் என்ற நிலையில், சிக்கல்கள் கூடுதல் என்று தெரிந்தும் இந்த முயற்சி தகும்.

கேள்வி: பன்னிரண்டு நாளுக்கு முன் எனக்கு இந்த அறுவை நடந்தது, 7.5 செ.மீ. கட்டி. நன்றாகத்தான் இருந்தேன். நேற்று மாலை சிறுநீர் சிவப்பாகப் போனது, இன்று தெளிந்துவிட்டது. அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கும்போது சொன்னால் போதுமா?

– வாசகர், திருநெல்வேலி

பதில்: இவருக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லி, அன்றிரவே மருத்துவமனையில் சேரச் செய்துவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். தைத்த இடத்தில் ஒரு சிறு தமனி கசிந்து, சுவரில்லாத இரத்தப் பையாகத் திரண்டு நிற்பது உண்டு. வீடு திரும்பி, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் அது சிறுநீர்க் குழிவுக்குள் உடைகிறது. முதலில் கொஞ்சம் சிவந்து, தானே தெளிந்து, அடுத்த முறை கட்டிகட்டியாக இரத்தம் வரலாம். தொடையிலோ மணிக்கட்டிலோ தமனிவழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் கிளையை மட்டும் கம்பிச் சுருளால் அடைத்தால் பெரும்பாலும் சிறுநீரகம் தப்பிவிடும். தையல் இடத்திலிருந்து சிறுநீர் கசிவதும் பெரிய கட்டிகளில் சிலருக்கு நேர்கிறது. வயிற்றிலிருந்து வரும் குழாயில் நீர் வற்றாமல் வந்துகொண்டே இருந்தால் அதைச் சோதித்து, சிறுநீர்ப் பாதைக்குள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். காய்ச்சல், பக்கவாட்டு வலி, தலைசுற்றல், சிவந்த சிறுநீர் ஆகியவற்றில் எது வந்தாலும், அது நின்றுபோனாலும்கூட, அறுவை செய்த மருத்துவமனைக்கு அன்றைக்கே போய்விடுங்கள்.